சித்தி லைற் முகமூடி கொண்டுவரட்டுமா என்கிறார்: பருவுக்கு ஒளியா, பூசுமருந்தா?

வடலி | கொக்குவில் | ஆனி

வணக்கம். எனக்கு 22 வயது, கம்பசில் இரண்டாம் வருடம். ஓ.எல் எடுத்த காலத்தில் தொடங்கிய பரு இன்னும் விட்டபாடில்லை. இரண்டு கன்னத்திலும் சிவந்த பரு எந்த நேரமும் பத்துப் பன்னிரண்டு நிற்கும். நெற்றியில் குறுணி குறுணியாக வேறு. ஒன்று வாடிப் போனால் அந்த இடம் இரண்டு மூன்று மாதத்துக்குக் கறுத்துக் கிடக்கிறது. உண்மையைச் சொன்னால் பருவைவிட அந்தக் கறுப்புத்தான் என் கவலை.

லண்டனில் இருக்கும் சித்தி நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். முகத்தில் கட்டும் லைற் முகமூடி ஒன்று கொண்டுவரட்டுமா, இல்லாவிட்டால் அந்தக் காசைக் கையில் தரட்டுமா, மருந்து வாங்கிப் பூசுகிறாயா என்று கேட்கிறார். விலையைப் பார்த்துவிட்டு அப்பா அன்று முழுக்கக் கதைக்கவில்லை. அம்மாவோ இரண்டும் வேண்டாம், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசு என்கிறார். பூசினேன். முகம் மஞ்சளானதுதான் மிச்சம்.

பாவித்தவர்கள் சொல்லுங்கள். விளம்பரத்தில் பார்த்ததை இங்கே ஒட்டவேண்டாம்.

தட்டிவான் | சாவகச்சேரி

தங்கச்சி, நான் ஒன்று வாங்கி நொந்தவன். இணையத்தில் மலிவாகக் கிடந்தது. ஏழு நிறம், ஒரு ரிமோட். பச்சை நிறம் எதற்கு என்று இன்றுவரை விளங்கவில்லை. ஒரு மாதம் இரவிரவாகப் போட்டேன். அப்பம்மா இருட்டில் என்னைக் கண்டு முருகா என்று கத்தியதைத் தவிர வேறு பலன் இல்லை. இப்போது அது அலுமாரியின் மேல் கிடக்கிறது. காசை வாங்குங்கோ.

பனிநாடு | ஸ்காபரோ

ஒரு மலிவு முகமூடியை வைத்து எல்லாவற்றையும் தள்ளிவிடக் கூடாது. நான் கனடாவில் இரண்டு வருடமாக நீலமும் சிவப்பும் உள்ள ஒன்றைப் பாவிக்கிறேன். என் தோலுக்கு எந்தக் கிரீமும் ஒத்துவராது, எரிந்து உரிந்துவிடும். லைற் மட்டும்தான் தாங்கியது. சிவந்த பரு நன்றாகவே குறைந்தது. இது வெறும் வியாபாரக் கதையும் இல்லை. 2000ஆம் ஆண்டில் பிரித்தானிய தோல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில் 107 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்கு நீலம், இன்னொரு பகுதிக்கு நீலமும் சிவப்பும், வேறொரு பகுதிக்கு வெள்ளை வெளிச்சம், மற்றவர்களுக்கு 5 வீத பென்சோயில் பெரொக்சைட் கிரீம் என்று கொடுத்தார்கள். நாளுக்குக் கால் மணித்தியாலம், 12 கிழமை. நீலமும் சிவப்பும் சேர்ந்த குழுவில் சிவந்த பரு சராசரியாக 76 வீதம் குறைந்தது. கிரீமைவிட அதுதான் மேல்.

ஆஸ்பத்திரிவீதி | யாழ்ப்பாணம்

நான் மருந்துக்கடையில் நிற்கிறவன், வைத்தியர் இல்லை. கவுண்டருக்கு முன்னால் வந்து முகத்தைக் காட்டும் பிள்ளைகளை ஒவ்வொரு நாளும் பார்ப்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வடலி, உங்கள் முகத்தில் இரண்டு விதமான சாமான் இருக்கிறது. நெற்றியில் உள்ள குறுணி என்பது துவாரம் அடைபட்டது. தோலின் எண்ணெயும் உதிரவேண்டிய செல்களும் சேர்ந்து வாயை மூடிவிடுகின்றன. கன்னத்துச் சிவப்பு அதற்கு அடுத்த கட்டம். அடைபட்ட துவாரத்துக்குள் கியூட்டிபக்டீரியம் ஆக்னெஸ் என்கிற கிருமி பெருகி, உடம்பு அதற்கு எதிராகக் கொதித்துச் சிவக்கிறது.

நீல ஒளி வேலை செய்வது இந்த இரண்டாவது கட்டத்தில்தான். அந்தக் கிருமி தனக்குள் போர்பிரின் என்ற பொருளைச் செய்கிறது. அது 415 நானோமீற்றர் அலைநீளமுள்ள நீலத்தை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சியதும் சூடான ஒக்சிசன் ஒன்று பிறந்து, கிருமி தன் வீட்டுக்குள்ளேயே எரிந்துபோகிறது. சூடு என்றால் அடுப்புச் சூடு இல்லை, எதையும் தாக்கத் துடிக்கிற ஒக்சிசன் என்று எடுங்கோ. சிவப்பு ஒளி இன்னும் ஆழம் போய் வீக்கத்தைத் தணிக்கும் என்கிறார்கள். ஆனால் அடைபட்ட வாயை எந்த லைற்றும் திறக்காது. பிளக்ஹெட் உள்ளவர் முகமூடி போட்டால் பிளக்ஹெட்டுக்கு வெளிச்சம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அடைப்பை எடுப்பது அடாபலீன் போன்ற ரெட்டினொயிட் வகை. அமெரிக்காவில் 2016இல் 0.1 வீத அடாபலீனை வைத்தியர் துண்டு இல்லாமல் விற்க அனுமதித்தார்கள். இங்கே துண்டோடு வாருங்கோ, அதுதான் நல்லது. கிருமிக்கு பென்சோயில் பெரொக்சைட். அதற்குக் கிருமி பழகிப்போவதில்லை, அதுதான் அதன் பெரிய குணம். கிளிண்டமைசின் என்ற அன்ரிபயோட்டிக்கைத் தனியாகப் பூசினால் கிருமி பழகிவிடும், ஆகவே அதை பெரொக்சைட்டோடு சேர்த்துத்தான் கொடுக்கவேண்டும். தனி ரியூப் ஒன்றை மாதக்கணக்கில் பூசிவிட்டு "முந்தி கேட்டது, இப்போது கேட்குதில்லை அண்ணா" என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

பனிநாடு சொன்ன ஆய்வு உண்மையானதுதான். ஆனால் அது ஒன்று. 2016இல், வைத்திய ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் குழு, ஒளி வைத்தியம் பற்றிய 71 ஆய்வுகளை, மொத்தம் 4,211 பேர், ஒன்றாக வைத்துப் பார்த்தது. தரமான சான்று போதாது என்றுதான் எழுதினார்கள். அமெரிக்கத் தோல் வைத்தியர் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலும் பென்சோயில் பெரொக்சைட்டையும் ரெட்டினொயிட்டையும் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. லேசர், லைற் கருவிகளுக்குச் சான்று போதாது என்று விட்டுவிட்டது. லைற் பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. காசு ஒருவருக்குப் போதுமென்றால் முதலில் எங்கே போகவேண்டும் என்பதற்குத்தான் சொல்கிறேன்.

பனிநாடு | ஸ்காபரோ

சரி, ஆனால் கிரீம் தாங்காதவன் என்ன செய்வது?

ஆஸ்பத்திரிவீதி | யாழ்ப்பாணம்

எத்தனை வீதம் பூசினீர்கள், எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்? கடைக்கு வருகிறவர்கள் 10 வீதம் கேட்கிறார்கள், கூடினால் கெதியில் மாறும் என்று. 2.5 வீதமும் சிவந்த பருவுக்கு ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், எரிச்சல் குறைவு. அதுவும் முடியாவிட்டால் பூசி ஐந்து பத்து நிமிடத்தில் கழுவிவிடலாம். இத்தனையும் செய்து பார்த்தும் தாங்கவில்லை என்றால் உங்களுக்கு லைற் சரியான தெரிவுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

சோளகம் | பருத்தித்துறை

பௌதிகம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் ஒரு கணக்கு. ஒளி மருந்து என்றால் அதற்கும் அளவு உண்டு. ஒரு சதுர சென்ரிமீற்றரில் விழும் வலுவை நேரத்தால் பெருக்கவேண்டும். 30 மில்லிவாற் விழும் முகமூடியை 10 நிமிடம் போட்டால் 600 வினாடி, ஆக 18 ஜூல். 2006இல் வந்த ஓர் ஆய்வில் வைத்தியர் அறைக் கருவியால் ஒரு தடவைக்குக் கொடுத்தது நீலத்தில் 48 ஜூல், சிவப்பில் 96. தட்டிவான் வாங்கிய ஏழு நிறப் பெட்டியில் மில்லிவாற் எத்தனை என்று எழுதியிருந்ததா?

தட்டிவான் | சாவகச்சேரி

பெட்டியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தா. வேறு ஒன்றும் எழுதவில்லை சேர்.

சோளகம் | பருத்தித்துறை

அதுதான். எத்தனை நானோமீற்றர், எத்தனை மில்லிவாற் என்ற இரண்டும் எழுதாத முகமூடி தைப்பொங்கலுக்குக் கட்டுகிற மின்குமிழ் மாலைதான். நீலமாக எரிவதெல்லாம் 415 ஆகாது. 460இல் எரிகிறதும் கண்ணுக்கு நீலம்தான், போர்பிரின் அதை அந்தளவுக்கு உறிஞ்சாது.

நுங்கு | மானிப்பாய்

இவ்வளவு பேர் கதைத்தும் வடலி முதலில் எழுதியதை ஒருவரும் தொடவில்லை. பிள்ளை பருவைவிடக் கறுப்புத்தான் கவலை என்றல்லவா சொன்னவ?

என் கதை: மகப்பேறுக்குப் பிறகு தாடையில் பரு. அண்ணா டென்மார்க்கிலிருந்து முகமூடி அனுப்பினார், நல்ல சாமான், மில்லிவாற்றெல்லாம் எழுதியிருந்தது. நீலத்தில் இரண்டு மாதம். பரு குறைந்தது, மறுக்கமாட்டேன். ஆனால் பரு இருந்த இடத்துக் கறுப்பு இன்னும் அழுத்தமாகிவிட்டது. முதலில் வெய்யில் என்று நினைத்தேன். தோல் வைத்தியரிடம் போனபோது முதல் கேள்வியே வீட்டில் லைற் ஏதும் பாவிக்கிறீர்களா என்பதுதான்.

அவர் விளங்கப்படுத்தியதைச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் எங்கள் நிறத் தோலைக் கறுக்கவைக்கும், அதிலும் நீலம்தான் கூட. 2014இல் வந்த ஆய்வொன்றில் 415 நானோமீற்றர் நீலத்தையும் 630 சிவப்பையும் ஆட்களின் தோலில் பட வைத்துப் பார்த்தார்கள். நீலம் பட்ட இடம் கறுத்தது, அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நின்றது. சிவப்பு பட்ட இடம் கறுக்கவில்லை. வீட்டு முகமூடி எல்லோரையும் அப்படிக் கறுக்கவைக்கும் என்று இதை வைத்துச் சொல்லமுடியாது. ஆனால் பருவுக்கு என்று வைத்தியம் சொல்லும் அதே 415தான் இதுவும். வெள்ளைத் தோலில் இது பெரிய கதை இல்லை. எங்களுக்குப் பரு ஒரு கிழமை, கறுப்பு மூன்று மாதம். பிறகு எதைக் குறைக்க எதைக் கூட்டுகிறோம்?

எனக்கு எழுதித் தந்தது அசெலாயிக் அமிலக் கிரீம். தாய்ப்பால் கொடுக்கிறேன் என்றதால் அது. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் அதைக் கொடுப்பார்கள், ஆனால் அடாபலீன் கூடாது, கவனம். அசெலாயிக் பருவையும் கறுப்பையும் ஒன்றாகப் பார்க்கும், ஆனால் அவசரப்படாது. எனக்கு நாலு மாதம் எடுத்தது. பகலில் இரும்பு ஒக்சைட் கலந்த நிறமுள்ள சன்கிறீம், ஏனென்றால் வெறும் வெள்ளைச் சன்கிறீம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை மறிக்காது.

பனிநாடு | ஸ்காபரோ

இது எனக்குத் தெரியாது. இங்கே குளிர்காலம் ஆறு மாதம், வெய்யிலும் இல்லை. என் நெற்றிக் கறுப்புக்குக் காரணம் வயது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம்குறுக்கு | யாழ்ப்பாணம்

கறுப்பு என்று சொன்னதால் ஒரு எச்சரிக்கை. கறுப்பு மாற என்று அழகு நிலையத்தில் பெயர் எழுதாத சின்ன டப்பாவில் கலவைக் கிரீம் தந்தார்கள். மூன்றாம் நாளே முகம் பளிச். தோழிகள் எல்லாம் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். மூன்று மாதத்தில் விட்டேன், விட்ட கிழமையே முகம் முழுக்க ஒரே அளவிலான சிவப்புப் பரு, தொட்டால் நெருப்பு. உள்ளே இருந்தது ஸ்டீரொயிட். வெளிக்கிட எட்டு மாதம். வெள்ளையாக்கும் கிரீம் சிலவற்றில் பாதரசமும் இருக்கும், அது சிறுநீரகத்துக்குக் கேடு. உள்ளே என்ன என்று எழுதாத எதையும் முகத்தில் வைக்காதேங்கோ.

வடலி | கொக்குவில்

எல்லோருக்கும் நன்றி. நுங்கு அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு கேள்வி. நெற்றிக் குறுணி கடிக்கிறது, அதிலும் பின்னேரம் பஸ்சில் வேர்த்து வந்தால் கூட. மற்றது, முகமூடி கண்ணுக்குக் கூடாது என்று ஒரு தோழி சொன்னா, உண்மையா?

ஆஸ்பத்திரிவீதி | யாழ்ப்பாணம்

கடிக்கிறது என்றால் கதை வேறாக இருக்கலாம். வழமையான பரு நோகும், அவ்வளவாகக் கடிக்காது. ஒரே அளவில், நெற்றியிலும் முதுகிலும், வேர்வையோடு கடித்து வருவது மலசீசியா என்ற பூஞ்சணத்தால் வருகிற மயிர்க்கால் அழற்சியாக இருக்கக்கூடும். அதற்கு பென்சோயில் பெரொக்சைட்டும் பெரிதாக உதவாது, கிருமிக்கான அன்ரிபயோட்டிக் குளிசை அதைக் கூட்டியும் விடும். பூஞ்சணத்துக்கான மருந்துதான் கேட்கும். இதை நான் இங்கிருந்து பார்த்துச் சொல்லமுடியாது, போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் காட்டுங்கோ, காசில்லை. வரிசையில் நிற்க மட்டும் ஒரு காலை வேண்டும்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு படுக்கிறீர்களா? நெற்றியோரக் குறுணிக்கு அதுவும் ஒரு காரணம். முழுகுகிற அன்று வைத்து முழுகிவிடுங்கோ. இன்னொன்று, எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். அதில் சவர்க்காரம் நுரைக்காது, பசைமாதிரித் தோலில் படிந்து நிற்கும். சவர்க்காரம் இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ் ஒன்றால் நாளுக்கு இரண்டு தரம் போதும்.

கண் விசயம் உண்மை. நியூட்ரோஜீனா தன் பரு முகமூடியை 2019இல் திரும்பப் பெற்றது. விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும், கண்ணை வெளிச்சத்துக்குக் கூச வைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் பாதிப்பு வரலாம் என்ற சந்தேகத்தால். டொக்சிசைக்ளின் பருவுக்கே கொடுக்கிற குளிசை, அதுவும் தோலை வெளிச்சத்துக்குக் கூசவைக்கும். குளிசை எடுத்துக்கொண்டு முகமூடி போடவேண்டாம்.

தட்டிவான் | சாவகச்சேரி

பெரொக்சைட் வெய்யிலில் கெடும், புற்றுநோய் வரும் என்று ரிக்ரொக்கில் ஓடுகிறதே?

ஆஸ்பத்திரிவீதி | யாழ்ப்பாணம்

பாதி உண்மை. சூட்டில் அது உடைந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் வரலாம் என்று 2024இல் ஒரு தனியார் ஆய்வுகூடம் கிளப்பியது. பிறகு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 95 தயாரிப்புகளைச் சோதித்து 2025 பங்குனியில் முடிவைச் சொன்னது. தொண்ணூறு வீதத்துக்கு மேல் ஒன்றும் இல்லை அல்லது மிகச் சொற்பம். சிலவற்றை மட்டும் கடைகளிலிருந்து எடுத்தார்கள். எங்கள் ஊர்ச் சூட்டில் செய்யவேண்டியது ரியூப்பை மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் ஜன்னல் கட்டிலும் வைக்காதிருப்பது. திகதி முடிந்ததை எறிவது.

ஆறுமணிபஸ் | அச்சுவேலி

என் மகள் ஏ.எல் படிக்கிறா, பெரொக்சைட் பூசுகிறா. தாய்மாருக்கு ஒரு சொல்: அது படும் துணி வெளுத்துவிடும். வெள்ளைச் சட்டைக்குப் பயமில்லை, பள்ளிக்கூட ரை கவனம். ஒரு ரை நடுவில் செம்மண் நிறமாகி, வகுப்பாசிரியைக்குக் கடிதம் எழுதவேண்டி வந்தது. துவாயும் தலையணை உறையும் வெள்ளையாக எடுங்கோ.

வடலி | கொக்குவில் | மூன்று கிழமைக்குப் பிறகு

கிளினிக் போனேன். நெற்றிக்குப் பூஞ்சண ஷாம்பு, கன்னத்துக்கு இரவில் அடாபலீன், காலையில் 2.5 வீத பெரொக்சைட். அடாபலீன் முழு முகத்துக்கும் ஒரு கடலை அளவு, காய்ந்த தோலில், முதல் இரண்டு கிழமை ஒன்றுவிட்ட இரவு.

நெற்றி பத்து நாளில் பாதி அமர்ந்துவிட்டது. கன்னம் முந்தியதைவிட மோசம். உரிகிறது, புதிதாகவும் வருகிறது. விடவா?

ஆஸ்பத்திரிவீதி | யாழ்ப்பாணம்

விடாதேங்கோ. உள்ளே இருந்தது மேலே வருகிற காலம் இது, இரண்டு முதல் நாலு கிழமை. கூட எரிந்தால் இரண்டு இரவு விட்டு, முதலில் ஈரப்பதக் கிரீம் பூசி அதன்மேல் மருந்து. எட்டுக் கிழமைக்கு முன் கண்ணாடியிடம் கேள்வி கேட்கவேண்டாம்.

வடலி | கொக்குவில் | ஆவணி

சித்தி வந்துவிட்டார். காசு போதும் என்று சொல்லியும் முகமூடியையும் கொண்டுவந்துவிட்டார், பாவம் தூக்கிக்கொண்டு வந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? 415, 633 என்று எழுதியிருக்கிறது. நீலமும் சிவப்பும் தனித்தனி பொத்தான். கன்னத்தில் இப்போது பக்கத்துக்கு நாலு பரு.

சோளகம் | பருத்தித்துறை

அருமையான சந்தர்ப்பம். இரண்டு கன்னத்துக்கும் ஒரே மருந்தைத் தொடருங்கோ. ஒரு கன்னத்துக்குக் கறுப்புத் துணியை இரண்டாக மடித்து முகமூடிக்குள் வையுங்கோ. மற்றதற்கு மட்டும் லைற். பிறகு எண்ணிப் பாருங்கோ.

நுங்கு | மானிப்பாய்

சிவப்பு மட்டும், பிள்ளை. நீலத்தைத் தொடவேண்டாம். முதலில் லைற், கழுவிக் காய்ந்த முகத்தில், கண்ணை மூடிக்கொண்டு. பிறகுதான் மருந்து.

வடலி | கொக்குவில் | ஐப்பசி

எட்டுக் கிழமை முடிந்தது, கிழமைக்கு நாலு நாள், பத்து நிமிடம். கரண்ட் போன அன்றும் பற்றரியில் போட்டேன். லைற் பட்ட இடது கன்னத்தில் ஒரு பரு. துணி வைத்த வலது கன்னத்தில் இரண்டு. கறுப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெல்ல மெல்லக் குறைகிறது. எண்ணியது என் தங்கச்சி, நான் எண்ணினால் சொந்த முகத்துக்குச் சலுகை காட்டுவேன் என்று.

பனிநாடு | ஸ்காபரோ

பார்த்தீர்களா! பாதி!

ஆஸ்பத்திரிவீதி | யாழ்ப்பாணம்

அண்ணா, இரண்டுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் ஒரு பரு. ஒரு கிழமை பிந்தி எண்ணினால் மாறியும் இருக்கும்.

சோளகம் | பருத்தித்துறை

எண்ணிய தங்கச்சிக்கு எந்தக் கன்னத்தில் லைற் என்று தெரியுமா?

வடலி | கொக்குவில்

தெரியும் சேர். இருவருக்கும் ஒரே அறை. துணி மடித்துத் தருவதே அவதான்.

சோளகம் | பருத்தித்துறை

அப்போ மார்கழி வரைக்கும் இன்னொரு எட்டுக் கிழமை. இந்தமுறை துணியை அம்மா வைக்கட்டும், தங்கச்சி வெளியில் நிற்கட்டும்.

வடலி | கொக்குவில்

அம்மா முகமூடியைத் தரவேண்டுமே. சிவப்பு வெளிச்சம் முழங்கால் நோவுக்கு நல்லதாம் என்று சித்தி சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போது பின்னேரம் முழுக்க அம்மம்மாவின் காலில்தான் அது கட்டிக் கிடக்கிறது.